கடற்கரை நகரில் வாடகை வீடு

வெளியூர் செல்வோர் தங்குதற்கு இருவகை இடங்கள் உண்டு. ஒன்று விடுதி, மற்றொன்று வீடு. விடுதியில் தங்குபவர் விருந்தினர். படுக்கையை விரிப்பதற்கும், குப்பையை அகற்றுவதற்கும், உணவு படைப்பதற்கும் அங்கே ஆட்கள் இருக்கின்றனர். வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குபவரோ, சில நாள்களுக்கேனும் அவ்வூர்க் குடிகளுள் ஒருவராகி விடுகிறார். கடைக்குச் சென்று காய்கறி வாங்குகிறார், தாமே சமைக்கிறார், அடுத்த வீட்டாரோடு ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறார். இவ்வழக்கம் எவ்வாறு வளர்ந்தது, அதனால் விளைந்த நன்மை தீமைகள் யாவை என்பவற்றை அறிய, ஸ்பெயின் நாட்டின் பெனிடார்ம் என்னும் கடற்கரை நகரைச் சான்றாகக் கொள்வோம்.

அலிகாந்தே மாவட்டத்தில், மத்தியதரைக் கடலின் ஓரத்தில் அமைந்துள்ளது பெனிடார்ம். ஒரு சிறு குன்றின் இருபுறமும் லெவாந்தே, பொனியெந்தே என இரண்டு நீண்ட மணற்கரைகள் விரிந்து கிடக்கின்றன. முற்காலத்தில் இது மீனவர் ஊர். சூரை மீன் பிடிப்பதில் இவ்வூரார் பெயர் பெற்றவர்கள். அத்தொழில் நலிந்தபோது, 1956-இல் நகருக்கென ஒரு பொதுத் திட்டம் வகுக்கப்பட்டது. பின்னர்க் கட்டடங்களின் உயரத்திற்கு இருந்த வரம்பும் நீங்கியது. மனையின் பரப்பிற்கேற்ற அளவே கட்டலாம் என்பது விதி. எனவே, உயர்த்திக் கட்டியவர் தரையில் இடம் மிச்சப்படுத்தினர். அதனால்தான் இன்று அங்கே கட்டடங்கள் வானளாவி நிற்கின்றன. அவற்றினிடையே தோட்டமும் நீச்சற்குளமும் இருக்கின்றன. 1967-இல் அலிகாந்தே விமான நிலையம் திறக்கப்பட்டதும், குளிர் நாட்டு மக்கள் பெருந்திரளாக வரலாயினர்.

அடுக்கு மாடியில் ஒரு வீட்டை மட்டும் ஒருவர் சொந்தமாக்கிக்கொள்வது எங்ஙனம் என்று நீங்கள் வினவலாம். 1960-இல் ஸ்பெயின் இயற்றிய சட்டம் இதற்கு வழி கூறுகிறது. வீடு தனி உடைமை. மாடிப்படி, மின்தூக்கி, கூரை முதலியன பொது உடைமை. அவற்றைப் பேணும் செலவை உரிமையாளர் யாவரும் பங்கிட்டுக்கொள்வர். ஆதலின், விடுமுறைக்கு வந்தவர் நள்ளிரவில் கூச்சலிட்டால், அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. மறுநாட் காலை வேலைக்குச் செல்லவேண்டிய அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் அது கெடுக்கிறது.

இம்முறையால் நன்மை இல்லாமல் இல்லை. குழந்தைகளோடு வரும் நடுத்தரக் குடும்பம், தானே சமைத்து உண்பதால் சிக்கனமாக விடுமுறையைக் கழிக்க முடிகிறது. சிறிய கடைக்காரர்களுக்கும் வாணிகம் நடக்கிறது.

எனினும் இதற்கொரு மறுபக்கம் உண்டு. ஆண்டு முழுதும் குடியிருப்பவர் தரும் வாடகையைவிடக் கோடைக்கால வாரங்களில் வந்து போவோர் தரும் தொகை மிகுதி. எனவே, உரிமையாளர் பலர் ஊராருக்கு வீடு தர விரும்புவதில்லை. விடுதியில் பரிமாறுபவருக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், பள்ளி ஆசிரியருக்கும் வீடு அரிதாகிறது. இபிசா தீவில் தொழிலாளர் சிலர் வண்டிகளிலும் கூடாரங்களிலும் வாழ நேர்ந்தது. விருந்தினரை உபசரிக்கும் கைகளுக்கே தங்க இடமில்லை என்றால், அவ்வூரின் வளம் யாருக்கு என்னும் வினா எழத்தானே செய்யும்? 2024-இல் ஸ்பெயினின் பல ஊர்களில் மக்கள் வீதியில் இறங்கிக் கேட்டது இவ்வினாவையே. அவ்வாண்டு பார்சிலோனா மாநகராட்சி, சுற்றுலா வீடுகளுக்கு அளித்துள்ள பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உரிமங்களையும் 2028-க்குள் முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்தது. 2025 ஏப்ரல் முதல், ஒரு கட்டடத்தில் புதிதாகச் சுற்றுலா வீடு தொடங்க வேண்டுமாயின், உரிமையாளருள் ஐந்தில் மூன்று பங்கினர் இசையவேண்டும் என்று நாட்டுச் சட்டமும் திருத்தப்பட்டது.

வீட்டைப் போலவே தண்ணீரும் பொதுப்பொருள். பெனிடார்ம் மழை குறைந்த பகுதி. 1978-இல் வறட்சி முற்றியபோது, கப்பல்களில் தண்ணீர் கொண்டுவரும் நிலை அந்நகருக்கு ஏற்பட்டது. அதன்பின் அவ்வட்டாரத்தார் ஒரு நல்ல ஏற்பாட்டைக் கைக்கொண்டனர். நகரின் கழிவுநீரைத் தூய்மை செய்து உழவர்க்கு அளிப்பர். உழவர் தம் பங்கு நன்னீரை நகருக்கு விட்டுக்கொடுப்பர். வருவோரும் வாழ்வோரும் இணங்கி இருக்க இயலும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மாணவ நண்பர்களே, நாளை நீங்களும் வெளிநாடு செல்லலாம். இத்தகைய வீட்டில் தங்கலாம். அவ்வீடு முறையாகப் பதிவு பெற்றதா என முதலில் பாருங்கள். கடவுச்சீட்டு விவரம் கேட்டால் தயங்காது கொடுங்கள். அதனைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. இரவில் குரலைத் தாழ்த்துங்கள். குப்பையை உரிய தொட்டியில் இடுங்கள். தண்ணீரை அளவோடு செலவிடுங்கள். வாடகை கொடுத்து நாம் பெறுவது சில அறைகளை மட்டுமே. அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தை நம் நடத்தையால்தான் பெற முடியும்.