மகிழ்ச்சியற்ற சிரிப்பும் மூளை ரண சிகிச்சையும்

மகிழ்ச்சி மேலிடும்போது மனிதன் சிரிக்கிறான். ஆயினும், மனத்தில் மகிழ்ச்சி சிறிதுமின்றி, தம் விருப்பத்திற்கு மாறாகச் சிரிப்போரும் உளர். துக்க வீட்டிலோ, அலுவலகத்திலோ, உறக்கத்தின் நடுவிலோ சிரிப்பு திடீரெனப் பீறிட்டெழும். பெரும்பாலும் அரை நிமிஷத்திற்குள் அடங்கிவிடும். காண்போர் இதனை மரியாதைக் குறைவென்றோ சித்தக் கோளாறென்றோ கருதிவிடுகின்றனர். உண்மையில் இது வலிப்பு நோயின் ஒரு வகையாக இருக்கக்கூடும். டாலி, மல்டர் என்னும் மருத்துவர்கள் 1957-ல், சிரிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு இதற்கு 'ஜெலாஸ்டிக்' வலிப்பு எனப் பெயரிட்டனர்.

மூளையின் நரம்பணுக்கள் மின் துடிப்புகளால் இயங்குகின்றன. ஓரிடத்து அணுக்கள் வரம்பு மீறி ஒருங்கே துடிக்குமாயின் வலிப்பு தோன்றுகிறது. அவ்விடம் கையை இயக்குவதாயின் கை உதறும். சிரிப்புடன் தொடர்புடையதாயின் சிரிப்பு எழும். இதற்குச் சான்று 1998-ல் கலிபோர்னியாவில் கிடைத்தது. வலிப்பு நோயுற்ற 16 வயதுப் பெண் ஒருத்தியின் மூளையில், இடது நெற்றி மடலின் ஒரு சிறு பகுதியை டாக்டர் ஃபிரீடும் அவர்தம் குழுவினரும் மின்சாரத்தால் தூண்டினர். மின்னோட்டம் குறைவாயிருந்தபோது புன்னகையும், மிகுந்தபோது உரத்த சிரிப்பும் உண்டாயின.

இவ்வலிப்பின் காரணங்களுள் முக்கியமானது, மூளையின் அடிப்புறத்தில் உள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் பிறவியிலேயே அமைந்த ஒரு சிறு கட்டியாகும். இது புற்றுநோயன்று. இதனால் வரும் சிரிப்பு பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொடங்கி, சிலருக்கு வயது வந்த பின்னும் நீடிக்கிறது. வயது வந்தோர் சிலரில் வலிப்பின் பிறப்பிடம் நெற்றி மடலிலோ பொட்டு மடலிலோ இருப்பதும் உண்டு. ஆகவே, பிறப்பிடத்தைக் கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி. இதற்கு எம்.ஆர்.ஐ. படமும், சிரிப்பு நிகழும்போதே எடுக்கப்படும் மூளை மின்னலைப் பதிவும் துணைபுரிகின்றன. பிறப்பிடம் ஆழத்தில் இருப்பின், தலையின் மேற்புறத்தில் எடுக்கும் பதிவில் மாறுதல் தென்படாமலும் போகலாம். எனவே அப்பதிவு ஒன்றையே கொண்டு நோயில்லை என முடிவு செய்தலாகாது.

முதலில் மருந்துகளே அளிக்கப்படுகின்றன. ஆனால் ஹைப்போதலாமஸ் கட்டியால் வரும் வலிப்பு மருந்துக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. மண்டையோட்டைத் திறந்து அத்துணை ஆழத்தை எட்டுதல் கடினமான செயல். கட்டியை அடுத்து நினைவாற்றலுக்குரிய நரம்புப் பாதைகளும் பார்வை நரம்புகளும் உள்ளன. ஆகையால் குழாய்க் கருவி வழியாக அகற்றுதல், காமாக் கதிர்களைக் குவித்துச் செலுத்துதல், மெல்லிய ஊசியின் நுனி வெப்பத்தால் அழித்தல் ஆகிய முறைகள் உருவாயின. 2010-க்குப் பின்னர், சிறு துளை வழியே லேசர் இழையைச் செலுத்தி, எம்.ஆர்.ஐ. படத்தில் வெப்பத்தைக் கண்காணித்தவாறே கட்டியைப் பொசுக்கும் முறையும் வழக்கிற்கு வந்துள்ளது. இவற்றால் பலர் நலம் பெற்றுள்ளனர். எனினும் எல்லோருக்கும் வலிப்பு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. நினைவுக் குறைவு, உடலின் நீர், உப்புச் சமநிலை பிறழ்தல், உடற்பருமன் ஆகியவை நேரிடவும் கூடும்.

நம் நாட்டில் 1949-ல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி நரம்பு ரண சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இன்று புது தில்லி, திருவனந்தபுரம் முதலிய இடங்களிலும் வலிப்பிற்கான ரண சிகிச்சை நடைபெறுகிறது.

காரணமின்றி ஒரே விதமாகத் திரும்பத் திரும்பச் சிரிப்பவரைக் குடும்பத்தினர் கடிந்துகொள்ளுதல் தகாது. சிரிப்பு எத்தனை விநாடி நீடித்தது, அவ்வேளையில் சுய நினைவு இருந்ததா, மகிழ்ச்சி தோன்றியதா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, இயலுமாயின் கைப்பேசியில் படமெடுத்து, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நோயைக் கண்டறிய அவருக்கு அதுவே பெருந்துணையாகும்.