செடி கொடிப் படிப்பும் பாங்க் கடனும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். பையன் என்றால் இன்ஜினீயரிங், பெண் என்றால் நர்ஸிங் அல்லது பி.காம். நடுவில் ஒருத்தி, "எனக்குச் செடி கொடி பத்திப் படிக்கணும்மா" என்று சொல்லிவிட்டால் போச்சு! "தோட்டவேலை செய்யறதுக்கா கடன் வாங்கப் போறீங்க?" என்று கேட்க நாலு பேர் வந்துவிடுவார்கள். என் மகள் அப்படிச் சொன்னவள். அவளுக்காக நானும் என் கணவரும் போட்ட கணக்கு மற்ற தாய்மார்களுக்கும் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். பி.எஸ்ஸி. தாவரவியல் வேறு, பி.எஸ்ஸி. (ஆனர்ஸ்) விவசாயம் வேறு. முன்னது 3 வருஷம், பின்னது 4 வருஷம். இரண்டும் செடியைப் பற்றியதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். அரசு பாங்குகளில் விவசாய அதிகாரி என்று ஒரு வேலை இருக்கிறது. 2024-ல் ஆன சம்பள ஒப்பந்தப்படி அதற்கு அடிப்படைச் சம்பளமே ரூ. 48,480-ல் ஆரம்பம். விவசாயம், தோட்டக்கலை போன்ற 4 வருஷப் பட்டம் இருந்தால்தான் அந்தப் பரீட்சை எழுதலாம். தாவரவியல் படித்தவர் விண்ணப்பிக்கவே முடியாது. அரசாங்கத்தின் வேளாண்மை அலுவலர் வேலைக்கும் விவசாயப் பட்டம்தான் வேண்டும்.

தாவரவியலுக்கு வழி இல்லாமலில்லை, ஆனால் அது நீளமான வழி. மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக வேண்டுமானால் எம்.எஸ்ஸி. 2 வருஷம், பி.எட். 2 வருஷம் என்று மொத்தம் 7 வருஷம் ஆகிவிடும். ஆராய்ச்சிக்குப் போய் 'நெட்' பரீட்சையில் ஜூனியர் ஃபெலோஷிப் கிடைத்தால் 2023 முதல் மாதம் ரூ. 37,000. கிடைத்தால்தான்!

தனியாரில் விதை, உரக் கம்பெனிகள், நர்சரிகள், திசு வளர்ப்பு லேப்கள் இருக்கின்றன. என் ஓரகத்தி மகள் விவசாயம் முடித்து ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்தபோது கைக்கு வந்தது ரூ. 18,000. வெயிலில் ஸ்கூட்டியில் ஊர் ஊராக அலைச்சல். நான் கணக்குப் போட்டது இந்தப் பதினெட்டாயிரத்தை வைத்துத்தான். பாங்க் அதிகாரி சம்பளத்தை வைத்துக் கடன் வாங்கினால், பரீட்சையில் தேறாவிட்டால் என்ன செய்வது?

இனி கடன். படிக்கும் வருஷங்களும் அதற்குமேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி தூங்குவதில்லை! தனியார் கல்லூரிக்காக வருஷம் ரூ. 1,25,000 வீதம் 4 வருஷம் வாங்கினால் 5 லட்சம். 10 சதவிகிதம் தனிவட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும் நாளில் வட்டி மட்டும் ரூ. 1,75,000 சேர்ந்து, கடன் 6¾ லட்சமாக நிற்கும். அதை 10 வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் ரூ. 8,920. பதினெட்டாயிரத்தில் பாதி போய்விடுகிறது பாருங்கள்.

வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவந்தால்? முதல் வருஷம் மாதம் ஆயிரத்துச் சொச்சம், இரண்டாம் வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம் என்று ஏறி, நாலாம் வருஷம் ரூ. 4,167 ஆகும். பிறகு தவணை ரூ. 6,608-தான். மொத்தத்தில் ஒரு லட்சம் மிச்சம். நகைச் சீட்டு ஒன்றை நிறுத்தினால் முதல் இரண்டு வருஷ வட்டி சரியாகிவிடும் என்றேன். இவருக்கே ஆச்சரியம், நான் நகைச் சீட்டை விடுகிறேன் என்றதும்.

இப்படியெல்லாம் பார்த்தபின் எங்கள் எல்லை 3 லட்சம் என்று வைத்தோம். வட்டியைக் கட்டிவந்தால் அதற்குத் தவணை நாலாயிரத்துக்குள் அடங்கும். ஆகவே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகளில் விவசாயம் முதல் விருப்பம். அது கிடைக்காவிட்டால் செலவு குறைந்த அரசுக் கலைக்கல்லூரியில் தாவரவியல், அதுவும் கடனில்லாமல். தனியார் கல்லூரி கடைசியில்தான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல் வந்த சட்டப்படி விவசாயப் படிப்பிலும் 7.5 சதவிகித இடம் உண்டு. அந்தத் தாய்மார்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

என் மாமியாரின் கேள்வி வேறு. "கட்டிக்கொடுக்கிற பொண்ணு பேர்ல கடன் எதுக்குடி?" அவரிடம் ஜானகி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். சென்னையில் படித்து, அமெரிக்கா போய் 1931-ல் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர். 1977-ல் பத்மஸ்ரீ. "அந்தம்மா கடன் வாங்கியா போனாங்க?" என்றார் அத்தை. இல்லை, ஸ்காலர்ஷிப்பில்தான் போனார். அத்தை விடுவாரா!

ஆனாலும் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பெண்ணோடு அப்பாவும் கையெழுத்துப் போடுகிறார். குழந்தை பிறந்து அவள் வேலையை விட்டால் பாங்க் கேட்பது அப்பாவைத்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் நகை, சீர் பேசும்போதே, "இவ்வளவு கடன் இருக்கிறது, இவள் சம்பளத்தில் இவ்வளவு காலம் கட்டுவாள்" என்று சொல்லிவிடுவது நல்லது. இதை மறைத்துக் கல்யாணம் செய்து, பின்னால் அந்தப் பெண் மாதாமாதம் புருஷனுக்குத் தெரியாமல் பணம் அனுப்புவதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

இன்னும் ஒன்று. சேரும் முன்பே கல்லூரியில் ஹாஸ்டல், லேப், கல்விச் சுற்றுலா, கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிச் செய்யும் பயிற்சி எல்லாம் சேர்த்து 4 வருஷச் செலவையும் எழுத்தில் வாங்கி பாங்கில் கொடுங்கள். பெண்களுக்கு வட்டியில் சலுகை உண்டா என்று அப்போதே கேளுங்கள். பல அரசு பாங்குகளில் அரை சதவிகிதம் குறைக்கிறார்கள்.