சுருள் சிறிது, சேதம் பெரிது!
கைக்குள் அடங்கும் வால்வு ஸ்பிரிங் ஒன்று முறிந்தால், பந்தயக் காரின் எஞ்சினே பாழாகிவிடலாம்.

எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். எஃகில் சிறு கீறல் இருந்தாலும் போதும், அங்கிருந்து விரிசல் படர்ந்து ஒருநாள் முறியும். மூடாத வால்வை மேலேறும் பிஸ்டன் இடித்தால் இரண்டுமே போயின.

எஞ்சின் திணறி, மேலே 'டக் டக்' ஓசை கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வால்வு வளையாமல் இருந்தால், பல எஞ்சின்களில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங்கை மாற்றலாம். வால்வு உள்ளே விழாமல் தாங்குவதுதான் சூட்சுமம். ஸ்பார்க் பிளக் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்துவது ஒரு முறை. காற்று வசதி இல்லாதபோது கைகொடுப்பது கயிறு. இரு வால்வுகளும் மூடி, பிஸ்டன் மேலேறத் தொடங்கும் நேரத்தில் துளைக்குள் கயிற்றைத் திணித்து, ஒரு முனையை வெளியே விட்டு, பிஸ்டனைக் கையால் மெல்ல மேலேற்றினால், கயிறே வால்வைத் தாங்கிக்கொள்ளும்.

முறிந்தது ஒன்றானாலும் மாற்ற வேண்டியது எல்லாவற்றையும். மற்றவையும் அதே உழைப்பில் களைத்தவைதானே!

இந்தத் தொல்லைக்கு முடிவு காண, 1986-ல் ரெனோ நிறுவனம் தன் கிராண்ட் பிரீ எஞ்சினில் எஃகுச் சுருளையே விலக்கி, அழுத்திய வாயுவால் வால்வை மூடியது. சாலையில் ஓடும் கார்களோ இன்றும் அந்தச் சிறு சுருளைத்தான் நம்பியிருக்கின்றன.