விவிலியத்தை நாமே திறந்து வாசிப்போம்

சில வருடங்களுக்கு முன், மன்னார் மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை எமது பெண்கள் குழுவைச் சேர்ந்த அக்கா ஒருவர் கிணற்றடியில் மயங்கி விழுந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னது. ஓடிப்போய் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றோம். மூன்று நாட்களாகத் தண்ணீரைத் தவிர அவர் வேறெதுவும் உட்கொள்ளவில்லை என்பது அங்கேதான் தெரியவந்தது.

அக்காவின் கணவர் 2009இல் காணாமற் போனவர். இரண்டு பெண் பிள்ளைகள். தையல் வேலைதான் வருமானம். "ஏனக்கா இப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன். அவர் போய்வந்த செபக்கூட்டம் ஒன்றில், "உங்கட விசுவாசம் காணாது. அதுதான் அவர் இன்னும் வரேல்லை. மூன்று நாள் ஒன்றும் சாப்பிடாமல் செபியுங்கோ" என்று சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, "அவர் வராததுக்கு நான்தான் காரணமோ தங்கச்சி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை.

மதம் துன்பப்படுவோருக்கு ஆறுதலாகவும் அமையும், அவர்களை அடக்கிவைக்கும் கருவியாகவும் அமையும் என்று சமூகவியல் வகுப்பில் படித்தவள் நான். ஆனாலும் "செபத்தை விடுங்கோ அக்கா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் செபம் என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது அம்மாவின் செபமாலை எங்கேயோ தவறிவிட்டது. பதுங்குகுழிக்குள் அம்மா பத்து விரல்களையும் மடக்கி மடக்கி எண்ணிச் செபமாலை சொன்னார். பிறகு செட்டிகுளம் முகாமிலும் ஒருநாள் தவறாமல் அப்படியே சொன்னார். அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் எங்கள் கூடாரத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அம்மாவின் செபம் எவரையும் குற்றவாளியாக்கவில்லை.

வியாழக்கிழமை வாசிப்பு

அக்கா குணமாகி வந்தபின், அவரும் நானும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். விவிலியம் எல்லா வீட்டிலும் இருந்தது. படத்தட்டில், துணியால் சுற்றி, பூ வைத்து. ஆனால் திறந்து முழுதாக வாசித்தவர் எவருமில்லை. பூசையில் கேட்ட பகுதிகளும் கூட்டங்களில் பிறர் எடுத்துச் சொன்ன வசனங்களுமே எமக்குத் தெரிந்திருந்தன. எனவே, வீட்டில் ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் வாசிப்பது, வியாழன் பின்னேரம் மாமரத்தின் கீழ் கூடிக் கதைப்பது என்று தீர்மானித்தோம்.

முதலில் யோபு நூலை எடுத்தோம். 42 அதிகாரங்கள்; ஆறு கிழமையில் முடிந்தது. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்து சாம்பலில் இருந்த யோபுவிடம் நண்பர்கள் மூவர் வருகிறார்கள். ஏழு நாட்கள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் இருக்கிறார்கள். அதுவரை நல்லது. பிறகு வாயைத் திறந்து, "நீ ஏதோ பிழை செய்திருக்கிறாய், அதுதான் உனக்கு இந்தக் கதி" என்ற கருத்தையே அதிகாரம் அதிகாரமாகச் சொல்கிறார்கள். யோபு அதை ஏற்கவில்லை. கடவுளிடமே நேரடியாக முறையிடுகிறார், கோபிக்கிறார். கடைசி அதிகாரத்தில் கடவுள் யாரைக் கண்டிக்கிறார் தெரியுமா? அந்த நண்பர்களைத்தான். தம்மைப் பற்றி யோபு பேசியதுபோல அவர்கள் சரியாகப் பேசவில்லை என்கிறார்.

அந்த இடத்தை அக்கா இரண்டு தரம் வாசித்தார். "அப்ப என்னைக் குற்றம் சொன்னவையும் யோபுவின்ர கூட்டாளிமாரைப் போலத்தான் கதைச்சிருக்கினம்" என்றார். வைத்தியசாலையில் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதிலை அவரே வாசித்துக் கண்டுபிடித்தார்.

அடுத்து லூக்கா நற்செய்தி. அதன் 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை வருகிறார். கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதிக்காத நீதிபதியிடம் நீதி கேட்டு விடாமல் போய்க்கொண்டே இருக்கிறார். அவரது தொல்லை தாங்காமலே நீதிபதி இறங்கி வருகிறார். மனந்தளராமல் செபிக்க வேண்டும் என்பதற்காக இயேசு சொன்ன உவமை இது. "அந்த நீதிபதி கடவுளோ?" என்று ஒருவர் கேட்டார். அன்று பெரிய விவாதமே நடந்தது. திரும்ப வாசித்தபோது விளங்கியது: அப்படிப்பட்ட ஒருவனே கேட்பான் என்றால் கடவுள் கேளாமல் இருப்பாரா என்பதுதான் கருத்து. அக்காவுக்கு வேறொன்றும் பட்டது. 2010இலும் 2013இலும் அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்களின் முன் அவர் சாட்சியம் சொன்னவர். இன்றும் கணவரின் படத்தோடு போய்வருபவர். "நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு போறதும் செபம்தான்" என்றார்.

விடாமுயற்சி என்றால் என்ன?

செபத்தில் விடாமுயற்சி என்பது உடலை வருத்துவதல்ல. கத்தோலிக்க திருச்சபை எல்லோருக்கும் பொதுவாகக் கடமையாக்கியிருக்கும் உண்ணாநோன்பு நாட்கள் வருடத்தில் இரண்டு மட்டுமே: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அன்றும் ஒருவேளை முழு உணவு உண்ணலாம். நோயாளருக்கு விலக்கு உண்டு. விவிலியத்தை அடிக்கடி வாசிக்கும்படி எல்லா விசுவாசிகளையும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கேட்டுக்கொண்டது. வாசிப்போடு செபமும் சேர வேண்டும் என்றும் சொன்னது.

பிறர் சொல்வதைச் சரிபார்ப்பதும் அவிசுவாசம் அல்ல. திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தில், பவுல் சொன்னவை உண்மையா என்று பெரோயா நகரத்தவர் நாள்தோறும் மறைநூலை ஆராய்ந்து பார்த்ததாக இருக்கிறது. அதற்காக அவர்கள் பாராட்டப்படுகிறார்கள். அப்படி ஆராய்ந்து நம்பியவர்களில் பெண்களும் பலர்.

எமது குழுவின் அனுபவத்திலிருந்து சில விடயங்களைச் சொல்கிறேன்:

ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் கால் மணித்தியாலம் போதும். ஒருநாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். மனம் குமைய வேண்டாம்.

ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை வாசியுங்கள். விளங்காததைக் கொப்பியில் எழுதி வைத்து, பங்குத்தந்தையிடமோ அருட்சகோதரியிடமோ கேளுங்கள்.

வாசித்தபின் சற்று மௌனமாக இருந்து, மனதில் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அழுகையும் கோபமும்கூடச் செபமாகலாம். திருப்பாடல்கள் பலவும் முறையீடுகளே.

வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எமது குழுவின் மூத்த அம்மா பேத்தியின் குரலில்தான் லூக்காவின் 24 அதிகாரங்களையும் கேட்டு முடித்தார்.

செபத்துக்காகச் சாப்பாட்டையும் மருந்தையும் நிறுத்தாதீர்கள். நித்திரை வராமல், வாழ விருப்பமில்லாமல் தவித்தால் உளவளத்துணையாளரை நாடுங்கள். அது விசுவாசக் குறைவல்ல.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சைவ, இஸ்லாமிய சகோதரிகளே, உங்களுக்கும் இது அந்நியமான கதையல்ல. "உன் பக்தி காணாது, அதுதான் இந்தத் துன்பம்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உங்கள் நூல்களையும் நீங்களே திறந்து பாருங்கள்.

அக்காவின் கணவர் இன்னும் வரவில்லை. அக்கா செபத்தை விடவும் இல்லை. இப்போது காலையில் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்து ஓர் அதிகாரம் வாசிக்கிறார். அவரது விவிலியத்தைச் சுற்றியிருந்த துணியைப் போனமுறை போனபோது கண்டேன். வாசித்த இடத்துக்கு அடையாளமாக அதில் ஒரு துண்டைக் கிழித்து வைத்திருந்தார்.