பெட்டைக் குட்டிக்கு விலை ஏன் குறைவு?

கல்கத்தாவில் சில வருஷங்களாவது குப்பை கொட்டியவர்களுக்கு கேலிஃப் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையானால் பாக்பஜார் பக்கம் பறவை, வண்ண மீன், பூச்செடி, நாய்க்குட்டி என்று சந்தை களை கட்டிவிடும். பேரனுக்கு ஒரு லாப்ரடார் குட்டி பார்க்க வேண்டும் என்று நம் சங்க அன்பர் ஒருவர் என்னையும் துணைக்கு அழைத்துப் போனார். ஒரே கூடையில் நான்கு குட்டிகள். ஆண் என்றால் ஒன்பதாயிரம், பெண் என்றால் ஏழாயிரம் என்றான் விற்பவன்.

"ஒரே தாய், ஒரே பால். இரண்டாயிரம் வித்தியாசம் எதற்கப்பா?" என்றேன்.

"எல்லோரும் ஆண்தானே கேட்கிறார்கள், காக்கூ" என்றான்.

ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் ரேட் அனாலிசிஸ் போட்டுப் போட்டுத் தேய்ந்தவனுக்கு இந்தப் பதில் போதுமா? உற்பத்திச் செலவில் வித்தியாசம் கிடையாது. நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள்; பிறகு எட்டு வாரம் தாயோடு. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கணக்குத்தான். ஆகவே வித்தியாசம் முழுவதும் வாங்குகிறவர் மனதில் இருக்கிறது.

வாங்குகிறவர் என்ன நினைக்கிறார்? பெட்டை நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று வாரம். வீட்டுத் தரையில் ரத்தச் சொட்டு. வாசலில் தெருவிலுள்ள கடுவன்களின் மாநாடு. அசந்தால் ஆறேழு குட்டிகள். கருத்தடை செய்யலாமென்றால் ஆணுக்கு வெளியிலேயே முடிந்துவிடும் சின்ன அறுவை; பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும், செலவும் கூடுதல். பின்னால் வரப்போகும் இந்தத் தொல்லைகளை எல்லாம் முன்கூட்டியே விலையில் கழித்துக்கொள்கிறார். இது ஒரு வகையில் நியாயமான கணக்குதான். 'காவலுக்கு ஆண்தான்' என்று சொல்வதில்தான் நியாயம் குறைவு. லாப்ரடாரில் ஆண் சற்றுப் பருமன், அவ்வளவுதான். இருட்டில் குரைப்பது ஆணா பெண்ணா என்று எந்தத் திருடனும் நின்று விசாரிப்பதில்லை.

இனப்பெருக்கம் செய்து விற்கிறவரிடம் போனால் கணக்கு அப்படியே தலைகீழ். நல்ல ஆண் ஒன்று பல பெட்டைகளுக்குப் போதும். அதைச் சொந்தமாக வைத்துக்கொள்ளக்கூட வேண்டாம், கட்டணம் கொடுத்தோ ஈற்றில் ஒரு குட்டியைக் கொடுத்தோ இணை சேர்த்துக்கொள்ளலாம். குட்டி போடுவது பெட்டைதானே! அதனால் சென்னையில் தலைமையகம் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் பதிவுச் சீட்டோடு வரும் நல்ல வம்சப் பெட்டைக்கு அவர் தயங்காமல் கூடுதலாகக் கொடுப்பார். மாட்டுச் சந்தையிலும் இதே கதைதான். பால் தரும் என்பதால் கிடாரிக்கு மவுசு; டிராக்டர் வந்த பிறகு காளைக் கன்றைச் சீந்துவாரில்லை.

மலிவாகக் கிடைக்கும் பெட்டையின் கதி என்ன என்பதுதான் எனக்கு உறுத்தல். மொட்டை மாடிக் கூண்டில் அடைத்து, பருவத்துக்குப் பருவம் ஈன வைத்துக் காசு பார்க்கிறவர்களுக்கு அது தோதாகிவிடுகிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 18 மாதத்துக்கு முன்பும் எட்டு வயதுக்கு மேலும் பெட்டையை ஈன வைக்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. தொழில் செய்கிறவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சந்தையில் அந்தப் பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், பேச்சை எப்படி மாற்றுகிறார்கள் என்று தெரியும்!

இன்னொரு வகை, 'விலை குறைவாயிற்றே' என்று வாங்கி, முதல் பருவம் வந்ததும் பயந்து கழற்றி விடுகிறவர்கள். கழுத்தில் பட்டை இருந்த தழும்போடு பிளாட்பாரத்தில் திரிந்த பெட்டை நாய்களை என் உத்தியோக காலத்தில் பல ஸ்டேஷன்களில் பார்த்திருக்கிறேன். வருகிற வண்டி ஒவ்வொன்றிலும் யாரையோ தேடும்.

அந்த இரண்டாயிரத்தைப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பங்கிட்டால் மாதம் பதினான்கு ரூபாய்கூட வராது. தீனி, தடுப்பூசி, வைத்தியச் செலவுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பெட்டைக்குக் கருத்தடை செய்துவிட்டால் பருவத் தொல்லையும் குட்டித் தொல்லையும் தீர்ந்தன. வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்தாகும் நோயும் அண்டாது. எந்த வயதில் செய்வது என்பது இனத்துக்கு இனம் மாறும். பெல்காச்சியா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் சிகிச்சைப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம்.

வாங்கப் போகிறவர்கள் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதே விதிப்படி தப்பு. 'நாற்பத்தைந்து நாள் போதும் சார், நன்றாகச் சாப்பிடுகிறது' என்பார்கள், நம்பாதீர்கள்.