அப்புத்தளையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு நாள் நடை

அப்புத்தளையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் ஆகுமுன்னரே பண்டாரவளையில் இறங்கிவிடலாம். நாமோ காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, மாலை ஐந்தரை மணிக்குத்தான் அந்நகரை அடைந்தோம். விடியற்காலையில் எமக்குத் தேநீர் ஊற்றித் தந்த கடைக்காரர், எம் முதுகுப் பைகளையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "பஸ் ஓடுதே ஐயா" என்று மிகுந்த பரிவோடு நினைவூட்டினார்.

பஸ்ஸை மறந்து நடக்கவேண்டுமென்பது என் மகளின் விருப்பம். பல்கலைக்கழகத்திலே புவியியல் பயில்பவள் அவள். வரைபடத்தில் சமவுயரக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடக்கும் இடத்தைக் கால்களால் அறியவேண்டும் என்றாள். அக்கல்விக்கு முழங்கால் வலியுள்ள தந்தையும் துணைபோக வேண்டியதாயிற்று.

அப்புத்தளை நகரம் ஏறக்குறைய 4,700 அடி உயரத்தில், ஒரு மலையின் முதுகெலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. கடைத்தெருவில் நின்று தெற்கே நோக்கினால், நிலம் சட்டென்று அறுந்து தாழ்நாட்டுச் சமவெளியில் விழுகிறது. வடக்கே திரும்பினால் தியத்தலாவையும் ஊவாவின் புல்மலைகளும் அலையலையாய்த் தெரிகின்றன. 1893 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை இவ்வூரை எட்டியது. மறு ஆண்டு பண்டாரவளையை அடைந்தது. அங்கிருந்து பதுளைக்குச் செல்ல அதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1924 இலேயே அப்பாதை முற்றுப்பெற்றது. இம்மலைகளின் செங்குத்தை இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கும் சொல்லாது.

நகரை விட்டுக் கிழக்கே டம்பத்தென்னத் தோட்டத்துக்குச் செல்லும் தெரு ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் நீளமானது. மலையின் தென்சரிவை அணைத்தபடியே அது வளைந்து செல்கிறது. மேற்புறமும் கீழ்ப்புறமும் தேயிலை. கற்களால் கட்டிய வரம்புகளும், நீர் வடிய வெட்டிய கான்களும், சீராகக் கவ்வாத்துச் செய்யப்பட்ட செடிகளும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்திருந்தன. "எவ்வளவு அழகான இயற்கை!" என்று வாயெடுத்தேன். "இதில் இயற்கை எங்கே இருக்கிறது அப்பா? ஒவ்வொரு வரம்பும் யாரோ அடுக்கியது" என்றாள் மகள். மறுக்க இயலவில்லை.

தொழிற்சாலையை அணுகும் முன்னரே, கொழுந்து வாடும் மணம் எம்மை எதிர்கொண்டது. கிளாஸ்கோ நகரத்து மளிகை வணிகரான தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கைக்கு வந்து, இத்தோட்டத்தையும் வேறு சிலவற்றையும் வாங்கி, இத்தொழிற்சாலையையும் கட்டுவித்தார். 1869 இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. ஊவாத் தேயிலையின் தனிச்சுவைக்குக் காரணம் ஆடி, ஆவணி மாதங்களில் இம்மலைகளைக் கடந்து வரும் வரண்ட கச்சான் காற்றே. மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஈரமிழந்து வரும் அக்காற்று இலையை மெல்ல வாட்டுகிறது; அவ்வேளையில் பறிக்கும் கொழுந்துக்கே அந்த மணம் ஏறுகிறது.

தொழிற்சாலையிலிருந்து 'லிப்டன் சீட்' எனப்படும் உச்சிக்குத் தெருவழியே போனால் மேலும் ஏழு கிலோமீற்றர். கொழுந்து பறிப்போர் ஏறும் குறுக்குப் பாதைகளில் அத்தூரம் வெகுவாகக் குறையும், மூச்சும் அவ்வாறே. தேயிலை நிரைகளுக்கிடையே கற்படிகள் நேர்மேலே செல்கின்றன. நான் பத்துப் படிக்கொருமுறை நின்று காட்சியை இரசிப்பதாகப் பாவனை செய்தேன். அதே படிகளில் கொழுந்து மூட்டை சுமந்த பெண்கள் இருவர், பேச்சை நிறுத்தாமலே எம்மைக் கடந்து இறங்கினர்.

உச்சி 6,400 அடிக்கும் மேற்பட்டது. லிப்டன் தம் தோட்டங்களைப் பார்வையிட அமர்ந்த இடமென்று அங்கே அவருடைய உருவச்சிலையொன்றை இருத்தியிருக்கிறார்கள். அவர் இருந்த இடத்துக்குப் பெயர் நிலைத்துவிட்டது. படிகளை அடுக்கியவர்களின் பெயரை எங்கும் காணோம்.

நாம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: தெற்கிலிருந்து எழும் மூடுபனி பெரும்பாலும் ஒன்பது, பத்து மணிக்குள் உச்சியை மூடிவிடும். ஆதலால்தான் பலர் முச்சக்கர வண்டியில் விடியுமுன்னே வந்துவிடுகிறார்கள். எமக்கு முன்னே இருந்தது ஒரு வெள்ளைச் சுவர். கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு முடிக்கும்வரை அது அசையவில்லை. பின்னர் காற்றுத் திரும்பியது. திரை விலகியது போல் மலைச்சரிவு முழுவதும் வெளிப்பட்டது. அதற்கப்பால் சமவெளி, சமவெளியில் வெள்ளித்தகடு போல் உடவளவை நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் கடலோ வானோ என்று பிரித்தறிய முடியாத ஒரு நீலக்கோடு. இருபது நிமிடங்கள் அக்காட்சி நிலைத்தது.

அந்த இருபது நிமிடங்களில் ஏறக்குறைய பாதியை மகள் ஒரே திசையில் நோக்கியபடி கழித்தாள். "மீரியபெத்தை எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள்.

கீழே, கொஸ்லந்தைப் பக்கமாக என்றேன். எந்த மடிப்பு என்று விரல் நீட்டிக் காட்ட என்னால் இயலவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, நாட்கணக்காய்ப் பெய்த மழையில் ஊறிய மலைச்சரிவு பெயர்ந்து, அத்தோட்டத்து லயங்களை மூடியது. அவ்விடம் அபாயமானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. குடியிருந்தோர் போவதற்கு வேறிடம் வாய்க்கவில்லை. பிள்ளைகள் பலர் பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்களுள் சிலருக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. எஞ்சியோர் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலைக் கட்டடமொன்றில் தங்கியிருந்து, 2016 இலேயே புதிய வீடுகளைப் பெற்றனர். அன்று என் மகளும் புத்தகப்பையோடு பாடசாலை சென்ற சிறுமி. பத்திரிகையில் வந்த படத்தை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதற்காகவே புவியியல் படிக்கிறாள் என்று நான் சொல்லமாட்டேன், அவளும் சொன்னதில்லை.

மூடுபனி மறுபடியும் மூடியது. நாம் வடபுறமாக, நாயபெத்தைத் தோட்டத்தை நோக்கி இறங்கலானோம்.

இறக்கம் எளிது என்று எண்ணுவோர் முழங்கால் நலமாயுள்ளவர்கள். ஆனால் இப்புறத்துக் காட்சி தென்புறத்தைவிட எனக்குப் பிடித்திருந்தது. அங்கே பேராழம்; இங்கே மனிதர் வாழும் பள்ளத்தாக்குகள், மரக்கறித் தோட்டங்கள், கோயிற் கூரைகள், தூரத்தே ஒன்பது சிகரங்கள் என்ற பொருளுடைய நமுனுகுலை மலை. பண்டாரவளை சேரும்வரை அம்மலை எம்மை விட்டகலவில்லை.

வழியில் ஒரு லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவர், தண்ணீர் கேட்ட எமக்குத் தேநீரே தந்தார். எங்கிருந்து வருகிறோம் என்பதை அறிந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "நாங்க வேற வழியில்லாம நடக்கிறோம். நீங்க காசு செலவழிச்சு வந்து நடக்கிறீங்களே!" என்றார். இவர்களுடைய முன்னோர் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காடு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை முன்னிட்டு 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள் என்று மகள் சொன்னபோது, "கேள்விப்பட்டேம்மா. நல்ல காரியம்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் மண் அணையைப் போலச் சரிவு உயர்ந்து நின்றது. மகள் அதைப் பார்ப்பதை அவரும் கவனித்துவிட்டார். "மூணு நாள் விடாமப் பேஞ்சா நாங்க கண்ண மூடுறதில்ல, ஐயா. மண்ணு சத்தம் கேக்குதான்னு உக்காந்திருப்போம்."

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனையோ சரிவுகள் இடிந்தன. அக்காலத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு நாவெழவில்லை. அவரே, "இந்தப் பக்கம் கடவுள் விட்டு வச்சார்" என்று சொல்லிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இவ்வழியே நடக்க விரும்புவோர், மழைக்காலமாயின் அயலவரைக் கேட்டறியாமல் குறுக்குப் பாதைகளில் காலெடுத்து வைக்கலாகாது. நிலத்தின் குணம் அங்கே வாழ்பவர்க்கே தெரியும்.

பண்டாரவளை 4,000 அடி உயரத்தையொட்டிய நகர். உச்சியிலிருந்து இறங்கி வந்த எமக்கு அதன் குளிர் வெப்பமாகவே பட்டது. இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் குறையாமல் நடந்திருப்போம். விடுதியில் வெந்நீரில் காலை வைத்தபோது, கடைக்காரர் சொன்ன பஸ்ஸை ஒருமுறை நினைத்துக்கொண்டேன்.

இரவு பத்து மணியளவில் தகரக் கூரைமேல் மழை விழத் தொடங்கியது. உறங்கிவிட்டாள் என்று நான் எண்ணியிருந்த மகள் எழுந்து யன்னலைத் திறந்தாள்.

"நாயபெத்தையிலும் பெய்யுமா, அப்பா?"

"பெய்யும்" என்றேன்.

அரை மணி நேரத்தில் மழை ஓய்ந்தது. அதன் பின்னரே அவள் யன்னலைச் சாத்தினாள்.