வாங்கும்போதே லாபம்



"கையிலே நூறு வெள்ளி இருக்கு சார். இதை வச்சு என்ன செய்யலாம்?" நம் தோட்டத்துப் பள்ளிக்கு வரும் பெற்றோர் சிலர் நம்மிடம் இவ்வாறு கேட்பதுண்டு. கேள்வி சிறியதுதான். ஆனால் அந்த நூறு வெள்ளியின் பின்னால் ஒரு குடும்பத்தின் உழைப்பு இருக்கிறது. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. இருபத்தாறு வேலை நாளுக்குக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆகவே நூறு வெள்ளி என்பது ஒன்றரை நாள் வெயிலும் மழையும் ஆகும். அதைக் கைவிட்டுப் போகாமல் பெருக்குவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

சிறு முதலுக்கு ஏற்ற தொழில்களுள் ஒன்று, பழைய பொருளை வாங்கிச் செப்பனிட்டு விற்பது. இது நமக்குப் புதிதன்று. பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையை அறியாதார் யார்? பழைய பொருள் விற்கும் இடத்தை மலாய்மொழியில் 'பாசார் காராட்', அதாவது துருப்பிடித்த சந்தை, என்றே அழைக்கிறார்கள். துருவைத் துடைக்கத் தெரிந்தவருக்கு அதிலும் பிழைப்பு உண்டு.

எல்லாப் பொருளிலும் கை வைக்க வேண்டாம். ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்து, அதை நன்றாகக் கற்றுக்கொள்வதே நல்லது. மின்சாரப் பொருள்களை, முறையாகப் பயிலாதவர் பிரித்துப் பழுது பார்த்தால் உயிருக்கே ஆபத்து. எனவே சிறுவர் சைக்கிளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிள்ளை வளர வளர சைக்கிள் சிறியதாகிவிடும். பட்டணத்து வீடுகளில் அது படிக்கட்டின் கீழே கிடக்கும். தோட்டத்திலோ அதற்காக ஏங்கும் பிள்ளை இருக்கும். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில்தான் நமது வேலை.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்? முதலாவதாக, பிரேமைப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே, முன்பக்கக் குழாய்கள் சேரும் இடத்தில் சாயம் சுருங்கியோ வெடித்தோ இருந்தால், அந்தச் சைக்கிள் எங்கேயோ மோதியிருக்கிறது. அதை வாங்காதீர்கள். நாமும் ஒருமுறை புதுச் சாயத்தின் பளபளப்பில் மயங்கி வாங்கினோம். வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்த விரிசல் தெரிந்தது. வேறொரு பிள்ளை விழுந்து அடிபடக் கூடாதே என்று அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டோம். போன காசு போனதுதான்.

இரண்டாவதாக, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். பாம்புபோல் நெளிந்து சுற்றினால் கம்பிகளை இழுத்துச் சரிசெய்ய வேண்டிவரும். பிறகு சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் உள்ளே தேய்மானம் இருக்கலாம்.

மூன்றாவதாக, சங்கிலி. இதற்குத் தாய்மார்களின் தையல் டேப் போதும். ஓர் ஆணியின் நடுவில் தொடங்கி, இருபத்து நான்கு கண்ணி தள்ளி உள்ள ஆணியின் நடுவரை அளந்தால், நல்ல சங்கிலி சரியாக 12 அங்குலம் இருக்கும். அதற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பற்சக்கரமும் தேய்ந்திருந்தால் புதுச் சங்கிலி வழுக்கும். அப்பொழுது செலவு இரண்டாகும்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம்மில் பலர் பொருளை முதலில் வாங்கிவிட்டு, பிறகு என்ன விலைக்கு விற்கலாம் என்று யோசிக்கிறோம். இது தலைகீழ் முறை. விற்கும் விலையை நாம் மட்டும் தீர்மானிக்க முடியாது. வாங்குபவரின் பையும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆனால் வாங்கும் விலையை வேண்டாம் என்று சொல்லும் உரிமை நம் கையில் இருக்கிறது. அதனால்தான் லாபம் விற்கும்போது வருவதன்று, வாங்கும்போதே வருவது என்கிறோம்.

ஒரு சைக்கிள், பேரம் பேசிய பிறகும் 100 வெள்ளிக்கு நிச்சயம் போகும் என்று வைத்துக்கொள்வோம். டியூப், பிரேக் கட்டை, சங்கிலி ஆகியவற்றுக்கு 30 வெள்ளி. போய்வர எண்ணெய்ச் செலவு 5 வெள்ளி. நம் உழைப்புக்கு 25 வெள்ளி வேண்டும். இவை மூன்றும் சேர்ந்து 60. நூறில் அறுபது போக மீதி 40. ஆகவே அந்தச் சைக்கிளுக்கு நாம் கொடுக்கக்கூடியது 40 வெள்ளி. அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. ஆசைப்பட்டு 70 வெள்ளி கொடுத்தால் என்ன ஆகும்? செலவு 105 ஆகிவிடும். இரண்டு மாலைப் பொழுதும் கைநிறைய கரியும் போட்டு, 5 வெள்ளி நஷ்டத்தை வாங்கிக்கொள்வோம்!

நமக்குத் தெரிந்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் கதையைக் கேளுங்கள். போனஸ் பணத்தில் ஆறு சைக்கிள்களை ஒரே நாளில் வாங்கினார். தலைக்கு 70 வெள்ளி. பழுது பார்க்க 30 வெள்ளி. ஆக 600 வெள்ளி உள்ளே போயிற்று. நான்கு சைக்கிள்களை 130 வெள்ளி வீதம் விற்றார். விற்றதெல்லாம் பக்கத்து வீட்டாருக்கு, அதுவும் கடனுக்கு. சம்பளத்துக்குச் சம்பளம் பத்தும் இருபதுமாக வந்தது. வந்ததும் கடைக்கணக்குக்கும் அரிசிக்கும் போனது. மற்ற இரண்டும் லயத்தின் பின்புறம் மழையில் துருவேறின. பள்ளி திறக்கும் நேரத்தில் மகனுக்குச் சப்பாத்து வாங்கக்கூட வழியில்லாமல் நம்மிடம் வந்தார். "வித்துட்டேன் சார். லாபமும் கணக்குல இருக்கு. காசுதான் கையில இல்ல" என்றார்.

அவர் சோம்பேறியல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். அவர் செய்த பிழைகள் மூன்று. ஒன்றை விற்று முடிக்கும் முன் ஆறை வாங்கினார். முகத்துக்கு அஞ்சிக் கடன் கொடுத்தார். வியாபாரப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே டப்பாவில் போட்டார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது சும்மாவா?

ஆகவே தொடங்குவோர் ஒரு சைக்கிளோடு தொடங்குங்கள். அதை விற்ற பிறகே அடுத்ததை வாங்குங்கள். மூன்று வாரமாகியும் விலை போகவில்லையா? அசலுக்காவது தள்ளிவிடுங்கள். முடங்கிய பணம் குட்டி போடாது. கடன் கேட்பவரிடம், "பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியைக் கொடுக்கும் அன்று எடுத்துப் போங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். உறவும் கெடாது, காசும் கெடாது. வரும் லாபத்தில் பாதியை வீட்டுக்கும் பாதியை முதலுக்கும் பிரியுங்கள். சைக்கிளுக்கு 25 வெள்ளி லாபம் என்றால், பத்துச் சைக்கிள் விற்று முடியும்போது உங்கள் நூறு வெள்ளி 225 ஆகியிருக்கும். வீட்டுக்கும் 125 வெள்ளி கொடுத்திருப்பீர்கள். இந்தக் கணக்கைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாங்கியது, செலவு, விற்றது, மீதி என்று நான்கு வரிசை போதும்.

இன்னொன்று மிக முக்கியம். விலை மிகவும் மலிவாக இருந்தால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். பெரும்பாலான சைக்கிள்களில் மிதிகள் சேரும் இடத்துக்கு அடியில் எண் பொறித்திருக்கும். அதை அராவி அழித்திருந்தால் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று அறிந்தே வாங்குவது, நமது குற்றவியல் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்படி குற்றமாகும். விற்பவரிடம் பெயர், அடையாள அட்டை எண், தேதி, விலை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால், சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாற்றாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

இதையே தொடர்ந்து தொழிலாக நடத்த முன்வந்தால், 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி, தொடங்கிய முப்பது நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். பழைய பொருள் வணிகர்களுக்கென 1946-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒன்று உண்டு. அதன்படி உரிமம் பெறுவதுபற்றிப் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

முன்னே சொன்ன நண்பர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். கடன் முழுதும் திரும்பி வரவில்லை. ஆனால் துருவேறிய இரண்டையும் துடைத்து, கிடைத்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தில் ஒரே ஒரு சைக்கிள் வாங்கினார். இம்முறை வாங்கப் போகும்போது மகனையும் அழைத்துப் போனார். பையன் கையில் நோட்டுப் புத்தகமும் தாயின் தையல் டேப்பும் இருந்தன. விற்பவர் 60 வெள்ளி கேட்க, பையன் கணக்குப் போட்டு, "நாப்பதுக்கு மேல வேணாம்பா" என்றானாம். அன்று அவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். அடுத்த வாரம் வேறோர் இடத்தில் 40 வெள்ளிக்கே கிடைத்தது.

வெறுங்கையோடு திரும்பிய அந்த நாளைத்தான் அவருடைய முதல் லாப நாள் என்று நாம் சொல்வோம். நேயர்களே, உங்கள் நூறு வெள்ளியையும் அப்படியே காத்துக்கொள்ளுங்கள்.